சந்தை நகரும்போது எது கூட வரும்?

பிளாஸ்டிக் பொருளுக்கு ஓர் அச்சு செய்யக் கொடுத்தால், அது கைக்கு வரப் பல வாரம் ஆகும். வந்தபிறகும் அந்த ஒரே வடிவத்தைத்தான் தரும். அச்சுக்குள் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தும் இயந்திரம் அப்படியல்ல: ஓர் அச்சை மாட்டினால் மூடி, இன்னொன்றை மாட்டினால் டப்பா. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் சொத்துதான். வாங்குவோரின் தேவை மாறிவிட்டால் அச்சு பழைய இரும்பு. இயந்திரம் மறுநாளே வேறு வேலைக்குத் தயார்.

நிறுவனத்துக்கு உதவுவது வளமல்ல, அந்த வளம் தரும் சேவைதான் என்று பொருளியலாளர் எடித் பென்ரோஸ் 1959இலேயே பிரித்துக் காட்டினார். ஒரே வளத்திலிருந்து பல சேவைகளை எடுக்கலாம். வளமே குறைவாக இருக்கும் இளம் நிறுவனத்துக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி.

அலுவலகக் குழுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் செயலியான ஸ்லாக் பிறந்த விதம் இதற்கு நல்ல சான்று. டைனி ஸ்பெக் என்ற நிறுவனம் கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை 2011இல் வெளியிட்டது. அது, உலாவியில் அசைபடமும் விளையாட்டும் ஓட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்டது. மக்கள் கைப்பேசிக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஐபோனில் ஃபிளாஷ் ஓடவே ஓடாது. கைப்பேசி உலாவிகளுக்கான ஃபிளாஷ் மேம்பாட்டை நிறுத்துவதாக 2011 நவம்பரில் அதன் உரிமையாளரான அடோபி நிறுவனமும் அறிவித்தது. 2012 டிசம்பரில் விளையாட்டு மூடப்பட்டது. பெரும்பாலான ஊழியர்கள் வேலையிழந்தார்கள். வரைந்து குவித்த ஓவியங்களுக்குச் சந்தையில் வேறு பயன் இல்லை. அவற்றில் பெரும்பகுதியைப் பின்னர் பொதுவுடைமையாக வெளியிட்டுவிட்டார்கள்.

மிஞ்சியது மூன்று: கொஞ்சம் பணம், சேர்ந்து வேலை செய்து பழகிய சிறு குழு, வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி தங்களுக்குள் பேச அவர்களே ஒட்டுப்போட்டுச் செய்த அரட்டைக் கருவி. ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறையின் மேல், உரையாடலைச் சேமிக்கவும் தேடவும் வசதி சேர்த்திருந்தார்கள். அதை யாரும் விற்பனைப் பொருளாக நினைத்ததில்லை. 2014 பிப்ரவரியில் அதன் வாரிசுதான் ஸ்லாக் என்று பொதுவெளிக்கு வந்தது. நிறுவனம் தன் வளங்களுக்கு ஒரு கணக்கு எழுதும்போது, விற்பனைப் பட்டியலில் இல்லாமல் அன்றாடம் பயன்படுத்தும் பொருள்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

அந்தக் கணக்கு ஒரு தாளில் அடங்கும். ஒவ்வொரு வளத்துக்கும் எதிரே மூன்று விவரம் போதும்: மாதச் செலவு எவ்வளவு, விடுவிக்க எத்தனை நாள், வேறு எதற்குப் பயன்படும். குத்தகை ஒப்பந்தத்தின் குறைந்தபட்சக் காலம், ஆண்டுச் சந்தா, பெயர் அச்சிட்டு வாங்கிய பொட்டலத் தாள் எல்லாம் இரண்டாவது விவரத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

இனி காலக் கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். கையிருப்பு 96 அலகு, மாதச் செலவு 12, வரவு 4 என்று வையுங்கள். நிகரமாக மாதம் 8 கரைகிறது. 12 மாதம் தாங்கும். புதிய திசைக்கு ஆள் தேட 2 மாதம், அவர் வேலை பழக 2, பொருள் உருவாக 3, முதல் பணம் வர 2: ஆக 9 மாதம். 'இன்னும் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று தோன்றும். மூன்று மாதம் கழித்துக் கையில் இருப்பது 72. அப்போது பழையதைக் குறைக்காமல் புதியதற்கு மாதம் 3 கூடுதலாகச் செலவழித்தால் கரைவு 11 ஆகிவிடும். 72 ஆறரை மாதத்தில் தீர்ந்துவிடும். தேவையோ ஒன்பது. இன்றே தொடங்கினாலும் 96 ஒன்பது மாதத்தைத் தொடாது. பழைய வேலையிலிருந்து அந்த 3ஐ விடுவித்து, கரைவை 8லேயே நிறுத்தினால்தான் 72 சரியாக ஒன்பது மாதம் வரும். அதிலும் ஒரு நாள்கூட மிச்சமில்லை. சந்தையைத் தவறாகப் படித்து விழுவதைவிட, இரண்டு வண்டியிலும் கால் வைத்து விழுவதே அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

சரி, சந்தை மாறுகிறது என்று எப்படித் தெரியும்? மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கையை நம்பாதீர்கள். புதிதாக வருவோர் கூட்டம் வெளியேறுவோரை மறைத்துவிடும். ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களைத் தனிக் குழுவாகப் பிரித்து, மூன்றாவது மாதத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணுங்கள். ஜனவரியில் சேர்ந்த குழுவில் 60, மார்ச்சில் சேர்ந்த குழுவில் 52, மே மாதத்தில் சேர்ந்த குழுவில் 41 என்று இறங்கினால், மொத்தம் ஏறிக்கொண்டிருந்தாலும் தரை நழுவுகிறது. கூடவே, இருப்பவர்கள் எந்த வசதியைத் தொடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராமின் முன்னோடியான பர்பன், இருக்குமிடத்தைப் பதிவது முதல் படம் பகிர்வது வரை பலவற்றைத் திணித்த செயலி. மக்கள் விரும்பித் தொட்டது படத்தைத்தான். படம், கருத்து, விருப்பம் தவிர மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு 2010 அக்டோபரில் புதிதாக வெளியிட்டார்கள்.

ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர் கேட்பதைச் சந்தையின் குரலாக எடுத்துக்கொள்வது இதன் மறுபக்கத் தவறு. அவர் கேட்டதை, அவரைத் தெரியாத இன்னும் சிலரும் தாமாகவே கேட்கிறார்களா, காசு கொடுக்கவும் தயாரா என்று பார்க்காமல் ஆளை நகர்த்தக் கூடாது.

நகர்த்திய பிறகும் ஒரு கசிவு இருக்கும்: பழைய பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிலர். ஆறு பொறியாளர்களில் இருவர் அவர்களுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தால் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் பழைய சந்தையில்தான் வேலை செய்கிறது. மூடும் தேதியை மாதங்களுக்கு முன்பே எழுத்தில் சொல்லி, அவர்களுடைய தரவை இறக்கிக்கொள்ள வழி செய்து, முன்பணம் கட்டியிருந்தால் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தொகையையும் 96இலிருந்து முதலிலேயே கழித்து வையுங்கள்.