சிமுலேட்டர்: உவமையின் உடன்பிறப்பு

2007 அக்டோபரில் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் சோயுஸ் கலத்தில் விண்ணுக்குப் புறப்பட்டபோது, அவர் ரஷ்யாவில் பயிற்சி பெற்ற பொறிகளைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. நான் ‘சிமுலேட்டர்’ என்றேன். செந்தூலிலிருந்து வந்திருந்த பெரியப்பா, “அதற்குத் தமிழ் இல்லையா தம்பி?” என்று கேட்டார். மலாயில் ‘சிமுலாசி’ என்று ஒலியை வாங்கிக்கொண்டு வேலையை முடித்துவிட்டார்கள். நமக்குத்தான் அது அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

இலத்தீனில் ‘சிமிலிஸ்’ என்றால் ஒத்தது. அதிலிருந்து வந்த ‘சிமுலாரே’க்கு ஒத்திருக்கச் செய்தல், பாசாங்கு செய்தல் என இரு பொருளும் உண்டு. பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை செய்வதும் ‘சிமுலாரே’தான். ஆங்கிலம் முதலில் எடுத்துக்கொண்டது இந்தப் பாசாங்கைத்தான். சொல் பொறிக்குப் பெயரானது பிற்காலத்தில். அத்தகைய பொறிகளின் முன்னோடி, 1929-இல் அமெரிக்கரான எட்வின் லிங்க் செய்த விமானப் பயிற்சிக் கூண்டு. அவருடைய தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளே அந்தக் கூண்டையும் ஆட்டிவைத்தன.

உவமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘சிமிலி’யும் இதே வேரில் பிறந்ததுதான். எனவே சிமுலேட்டரை ஓர் உவமையாகப் பார்ப்பதில் தவறில்லை. அப்படிப் பார்த்தால், விண்கலக் கணினி விளையாட்டுகளில் எது உண்மையான சிமுலேட்டர் என்று, கோலாலம்பூர் இம்பி பிளாசா கணினிக் கடைகளில் நெகிழ்வட்டு வாங்கிய காலத்திலிருந்து நண்பர்களோடு நான் போட்டுவரும் சண்டைக்கும் ஒரு வழி பிறக்கிறது. தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் உவமை பிறக்கும் என்கிறது. பொருள்கள் செயலால் ஒக்கலாம், விளைவால் ஒக்கலாம், வடிவாலோ நிறத்தாலோ ஒக்கலாம்.

1993-இல் வந்த ‘ஃப்ரண்டியர்’ வினையுவமம். நியூட்டனின் விதி அதில் அப்படியே நடக்கும். எஞ்சினை அணைத்தாலும் கலம் ஓடிக்கொண்டேயிருக்கும். நிறுத்த வேண்டுமானால் எதிர்த்திசையில் எரிக்க வேண்டும். இயற்பியலுக்கு நேர்மையான அந்த விளையாட்டில் சண்டை மட்டும் சப்பென்றிருக்கும்: இரண்டு கலங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றையொன்று கடந்துவிடும், திரும்பிவர ஒரு யுகம் ஆகும்.

அதே ஆண்டில் வந்த ‘எக்ஸ்-விங்’ வேறு சாதி. வேகத்தைக் குறைத்தால் கலம் மெதுவாகிவிடும், காற்றே இல்லாத வெளியில் விமானம்போல் வளைந்து திரும்பும். அதை உருவாக்கிய லாரன்ஸ் ஹாலண்ட் அதற்கு முன் இரண்டாம் உலகப்போர் விமான விளையாட்டுகளைச் செய்தவர். ஆக, அந்த விளையாட்டுக்கு உவமானம் விண்வெளியே அல்ல, போர்விமானம். ஆற்றலை எஞ்சினுக்கும் கேடயத்துக்கும் துப்பாக்கிக்கும் பங்கிட்டுக்கொண்டே எதிரியைத் துரத்தும் பதற்றம் அதில் மெய்யாகவே இருக்கும். பயனுவமம் என்றால் அதுதான். “இது உண்மையில்லை” என்று அதைக் குறைசொல்பவர்கள் ‘நிலவு போன்ற முகம்’ என்ற வரியில் பள்ளங்களைத் தேடுகிறவர்கள்.

இனித் தமிழ்ச் சொல். ‘உருவகப்படுத்துதல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, உருவகம் வேறு, உவமை வேறு. ‘பாவனை’ நல்ல சொல், ஆனால் இலங்கைத் தமிழில் அதற்குப் பயன்பாடு என்று பொருள். அங்கே பாவனையாளர் என்றால் நாம் சொல்லும் பயனீட்டாளர். ‘ஒப்புருவாக்கம்’ துல்லியமானது, சற்றே கனமானது. ஒரே சொல்லைத் தேடி அலைவதைவிட இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ‘ஃப்ரண்டிய’ருக்கும், சுடுவதற்கு எதிரியே இல்லாத ‘ஆர்பிட்ட’ருக்கும் ஒப்புருவாக்கம், ‘எக்ஸ்-விங்’கிற்கும் 1990-இன் ‘விங் கமாண்ட’ருக்கும் பறத்தல் பாவனை.

1984-இல் வந்த ‘எலீட்’டை எங்கே வைப்பது என்பதில்தான் இன்னும் தடுமாறுகிறேன். பறப்பதெல்லாம் பாவனை. ஆனால் சுழலும் நிலையத்தின் வாசலுக்குள் நுழைய, அதன் சுழற்சிக்கு ஈடாகக் கலத்தையும் சுழற்றியபடி போக வேண்டும், பிசகினால் சிதறிப்போவோம். பணம் சேர்ந்தால் அந்த வேலையைத் தானே செய்யும் கணினியை விளையாட்டுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளலாம். நான் வாங்கிவிட்டேன்.