மனேஜர் பேனையை நீட்டினால்

2024 நவம்பர் பொதுத் தேர்தல் முடிந்து இரண்டு கிழமை இருக்கும். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த ஒரு பெடியன் என் அலுவலகத்துக்கு வந்தார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) கட்சிக் கூட்டமொன்றில் எடுத்த படத்தை முகநூலில் போட்டு அதற்குக் கீழே இரண்டு வரி எழுதியிருக்கிறார். முதலாளிக்கு வேண்டியவர்கள் மற்றக் கட்சி. வேலை போய்விட்டது.

"மிஸ், பேச்சுச் சுதந்திரம் எண்டு அரசியலமைப்பில இருக்குத்தானே? அடிப்படை உரிமை வழக்குப் போடுவம்" என்றார்.

இருக்கிறது, 14(1)(அ) உறுப்புரையில். அரசியல் அபிப்பிராயத்துக்காக ஒருவரைப் பாரபட்சமாக நடத்தக்கூடாது என்று 12(2) உறுப்புரையும் சொல்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமென்றால், அந்த மீறல் அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலால் நடந்திருக்க வேண்டும். அரசின் துறைமுக அதிகார சபை ஊழியருக்கு இதே அநியாயம் நடந்திருந்தால், ஒரு மாதத்துக்குள் மனுவோடு கொழும்பு பஸ் ஏறலாம். தனியார் முதலாளிக்கு எதிராக அந்தக் கதவு திறக்காது. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் புகழ்பெற்ற முதலாம் திருத்தமும் அப்படித்தான், அது கட்டிப்போடுவது அரசைத்தான்.

சரி, அப்படியென்றால் முதலாளி நினைத்த நேரம் நிறுத்திவிடலாமா? முடியாது. இங்கேதான் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். இதைப் பேச்சுரிமை வழக்காகப் பார்க்காமல் வேலைநீக்க வழக்காகப் பாருங்கள். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 31பி பிரிவின் கீழ், நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். நீதியும் ஒப்புரவுமான கட்டளையைப் பிறப்பிக்க வேண்டியது சபையின் கடமை. "எனக்குப் பிடிக்காத கட்சியின் படத்தைப் போட்டான்" என்பதை அங்கே நியாயமான காரணமென்று நிறுவுவது முதலாளிக்கு லேசான வேலை இல்லை.

அதனால் முதலாளிமார் கட்சியைப் பற்றி மூச்சே விடமாட்டார்கள். "நவம்பர் மழை, வெள்ளைக்காரர் இல்லை, ஆள் குறைக்கிறோம்" என்பார்கள். திருகோணமலையில் அதை யாரும் நம்புவார்கள். ஆனால் பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். ஒழுக்காற்று நடவடிக்கையாக அல்லாமல் ஆளை நிறுத்துவதற்கு ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்திருந்தாலே இந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

இவ்வளவையும் விளக்கிவிட்டு நியமனக் கடிதத்தைக் கேட்டேன். அதோடு இன்னொரு தாளையும் எடுத்துத் தந்தார். இராஜினாமாக் கடிதத்தின் பிரதி. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்." அவருடைய கையெழுத்து.

என் அனுபவத்தில் வழக்கு தோற்பது பெரும்பாலும் இந்தத் தாளில்தான். நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால், ஏன் நிறுத்தினேன் என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். "நான் நிறுத்தவில்லை, அவராகவே போனார்" என்றால் சுமை ஊழியரின் தலைக்கு வந்துவிடும். மனேஜர் அன்பாகப் பேனையை நீட்டுவதும், தேநீர் வரவழைப்பதும், "பொலிஸ் கிலிஸ் எண்டு போகாம முடிப்பம் தம்பி" என்பதும் இதற்காகத்தான்.

ஏன் கையெழுத்துப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. 2006 ஜனவரியில் எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்களைப் படமெடுத்த சுடர் ஒளி பத்திரிகைச் செய்தியாளர் சுகிர்தராஜன் அதே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதையெல்லாம் பார்த்த தாய் தகப்பன்மார் "வாயை வெச்சுக்கொண்டு சும்மா இரு, கேட்ட இடத்தில கையெழுத்தைப் போட்டுட்டு வா" என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். முதலாளி பக்கமும் சில இடங்களில் நியாயம் உண்டு. ஹோட்டல் சீருடையில், பெயர்ப்பட்டியோடு நின்று பிரசார வீடியோ போட்டால் கேள்வி வரும். மூன்று இனத்தவரும் வந்து போகும் இடத்தில் வேலை செய்துகொண்டு இன்னொரு சமூகத்தைக் கேவலமாக எழுதினால், அந்த வழக்கை எடுக்க எனக்கும் மனம் வராது. அப்போதும் குற்றப்பத்திரம் தந்து, விளக்கம் கேட்டு, விசாரித்துத்தான் தண்டிக்க வேண்டும்.

பெடியனின் போனைத் துருவியதில் ஒரு வட்ஸ்அப் குரல்பதிவு கிடைத்தது. மேற்பார்வையாளரின் குரல்: "நாளைக்கு வரவேணாம், கடிதத்த மட்டும் எழுதித் தந்திட்டுப் போ." இராஜினாமாத் தாளின் பெறுமதி பாதியாகிவிட்டது. அது மட்டும் இல்லையென்றால், நிறுத்தப்பட்டதையே நிரூபிக்க முடியாமல் திண்டாடியிருப்போம். நீங்கள் மனேஜரின் அறைக்குள் கையெழுத்துக்காகக் கூப்பிடப்பட்டால் "வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லி எழுந்து வாருங்கள். போட்டே ஆக வேண்டி வந்துவிட்டதென்றால், அன்றே "வற்புறுத்தலால் கையெழுத்திட்டேன்" என்று பதிவுத் தபாலில் எழுதியனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வழக்கு இணக்கத்தில் முடிந்தது. நட்டஈட்டுத் தொகையைப் பேச அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. சேவைச் சான்றிதழில் "தானாக விலகினார்" என்ற வரி வரக்கூடாது என்று பெடியன் பிடிவாதமாக நின்றார். பேச்சு இழுபட்டது அதில்தான்.