கலவட்டம்: சொல்லும் பொருளும்

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தர உயிரியல் கற்கும் மாணவர் 'கலவட்டம்' என்று எழுதுவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'செல் சுழற்சி' என்கின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வகுப்பை முடித்துவிட்டுத் தமிழ்நாட்டு விளக்கக் காணொளியைப் பார்க்கும் ஒருவர், இவற்றை இரு வேறு செயல்முறைகளென மயங்கக்கூடும். இரண்டும் குறிப்பது ஒன்றையே. ஒரு கலம் தோன்றியது முதல், வளர்ந்து, தன் மரபுப்பொருளான டீ.என்.ஏ.யை இரட்டித்து, இரு மகட்கலங்களாகப் பிரியும் வரை அதனுள் ஒழுங்காக நிகழும் மாற்றங்களின் தொடரே கலவட்டம்.

1665இல் ரொபேட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலில் தாம் கண்ட வெற்றறைகளுக்கு, 'சிற்றறை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயரை இட்டார். அவர் கண்டவை இறந்த கலங்களின் சுவர்கள் மட்டுமே. தமிழில் 'கலம்' என்பது உண்கலம், மட்கலம் என்பவற்றிற் போல எதையேனும் தன்னுள் கொள்வதைக் குறிக்கும் பழஞ்சொல். சுவரைவிட உள்ளடக்கமே முதன்மையானது என்பது பின்னாளில் தெளிவானபடியால், அறையைவிடக் கலமே இப்பொருளுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. 'வட்டம்' என்பது வாழ்க்கை வட்டம் என்பதிற் போல மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கைச் சுட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒன்று இரண்டாகியிருக்கும்.

வட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் பகுதி 'இழையுருப்பிரிவு'. வோல்ற்றர் பிளெமிங் சாயமூட்டிய கலங்களில் நூல்போன்ற உருக்கள் திரண்டு பிளவுறுவதைக் கண்டு, 1882இல் நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதன் மூலப்பெயரை ஆக்கினார். அந்த நூலே நம் சொல்லில் இழையாயிற்று. தமிழ்நாட்டில் வழங்கும் 'மைட்டாசிஸ்' ஒலியைத் தருகிறது. 'இழையுருப்பிரிவு' அவர் கண்டதைத் தருகிறது. அந்நூலுருக்களுக்கு 1888இல் வந்த, 'நிறவுடல்' எனப் பொருள்படும் பெயருக்கு நாம் வழங்கும் 'நிறமூர்த்தம்' என்பதும் அவ்வாறு அமைந்ததே.

இருபிரிவுகளுக்கு நடுவிலுள்ள காலத்தின் பெயரான 'இடையவத்தை' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நுணுக்குக்காட்டியில் எதுவும் அசையாததால் பழைய ஆய்வாளர் அதனை ஓய்வுநிலை என்றே கருதினர். 1953இல் அல்மா ஹவார்ட், ஸ்டீபன் பெல்க் ஆகிய இருவரும் கதிர்த்தொழிற்பாடுள்ள பொசுபரசை அவரையினமொன்றின் வேர்நுனிக் கலங்களுக்கு ஊட்டி, டீ.என்.ஏ. இடையவத்தையின் குறித்த ஒரு பகுதியிலேயே ஆக்கப்படுகிறது என்று காட்டினர். அப்பகுதி 'எஸ்', அதாவது தொகுப்பு அவத்தை. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை ஜீ1, ஜீ2 எனும் இடைவெளிகள். இந்த 'இடைவெளி' என்ற சொல்லும் வெறுமையைக் காட்டி ஏமாற்றுகிறது. வளர்ப்பூடகத்தில் பிரியும் மனிதக் கலமொன்று சுற்றை முடிக்க ஏறத்தாழ 24 மணித்தியாலம் எடுக்குமெனின், இழையுருப்பிரிவுக்குச் செல்வது ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே. எஞ்சிய நேரம் முழுவதும் கலம் புரதங்களைத் தொகுத்து, தன்னுள் இருக்கும் சிற்றுறுப்புகளான புன்னங்கங்களைப் பெருக்கி, பருமனில் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே 'இடை' என்ற அடைமொழியை ஆசிரியர்கள் இடம் சுட்டும் சொல்லாக மட்டும் விளக்குவது நன்று.

வட்டத்தை முன்செலுத்துவது சைக்கிளின் என்னும் புரதக் குடும்பம். 1980களின் தொடக்கத்தில் டிம் ஹன்ட் கடல்முள்ளெலி முட்டைகளை ஆராய்ந்தபோது, ஒரு புரதம் படிப்படியாகக் கூடி, ஒவ்வொரு பிரிவின்போதும் சட்டென அழிவதைக் கண்டார். இந்தச் சைக்கிளின் புரதம், கைனேசு என்னும் நொதியத்துடன் சேரும்போதுதான் அந்நொதியம் தொழிற்பட்டு அடுத்த அவத்தையைத் தொடக்கும். இக்கண்டுபிடிப்புகளுக்காக ஹன்ட், போல் நேர்ஸ், லீலண்ட் ஹார்ட்வெல் ஆகிய மூவரும் 2001இல் நோபல் பரிசைப் பெற்றனர்.

ஹார்ட்வெல் வழங்கிய 'செக்பொயின்ற்' என்னும் கருத்துக்குத் தமிழ்ச் சொல் தெரிவதில் கவனம் தேவை. டீ.என்.ஏ. பழுதுற்றாலும், ஒரு நிறமூர்த்தமேனும் பிரிவின்போது அதை இழுத்துச் செல்லும் கதிர் நாருடன் சரிவர இணையாதிருந்தாலும், கலம் மேற்செல்லாது நிற்கும். இதனை வகுப்பில் 'சோதனைச் சாவடி' என்று சொல்லும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கொழும்புத் தமிழர்க்கு அச்சொல் வீதித்தடையையும் அடையாள அட்டையையும் நினைவூட்டும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, சாவடி என்றால் வெளியார் ஒருவர் வழிமறிக்கும் இடம் என்றாகிவிடுவது. இங்கோ கலம் தன் வேலையைத் தானே சரிபார்க்கிறது. 'சோதனைப் புள்ளி' என்பதே பொருந்தும். பழுதைக் கண்டு ஜீ1இல் கலத்தை நிறுத்தும் பி53 எனும் புரதத்தின் மரபணு, மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் மாறலுற்றிருக்கிறது. நிற்கத் தெரியாத கலமே புற்றாகிறது என்பதை இச்சொல்லோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

வட்டத்தைவிட்டு விலகிய நிலை ஜீ0 எனப்படும். முதிர்ந்த நரம்புக் கலங்கள் பெரும்பாலும் அதிலிருந்து திரும்புவதில்லை. ஈரற் கலங்களோ ஈரலின் ஒரு பகுதி வெட்டப்பட்டால் மீண்டும் வட்டத்துட் புகுந்து பிரியும். இந்நிலையையும் ஓய்வு என்று சொல்லுதல் தவறு. நரம்புக் கலமும் ஈரற் கலமும் தத்தம் தொழிலை முழுமையாகச் செய்வது இந்நிலையிலேயே. 'பிரியாநிலை' என்று வழங்கலாம் என்பது என் பரிந்துரை.