டிரம்மரின் இடது காது

செவித்திறன் பரிசோதனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் காதைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவார்கள். சிறிய ஊர் ஒன்றின் ராக் இசைக்குழுவில் 16 ஆண்டுகளாக டிரம்ஸ் வாசித்துவரும் அந்த மனிதரோ சிம்பல் என்னும் உலோகத் தட்டைப் பற்றிப் பேசினார். தாளத்தைத் தொடர்ந்து தட்டிவரும் ரைடு சிம்பலின் ஓசை கூர்மை இழந்துவிட்டதாக எண்ணி ஓராண்டுக்குள் இரண்டு முறை அதை மாற்றியிருந்தார். புதிதாக வந்ததும் அதேபோல் மங்கலாகவே ஒலித்த பிறகுதான், கோளாறு உலோகத்தில் இல்லையோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. ஒவ்வொரு சுரத்திலும் காதுக்குக் கேட்கும் மிகக் குறைந்த ஒலியளவைக் காட்டும் கோட்டுப்படமான ஆடியோகிராமில் (எண் கூடக் கூடச் செவித்திறன் குறைவு) 4000 ஹெர்ட்ஸ் அருகே வலது காது 25 டெசிபலிலும் இடது காது 45 டெசிபலிலும் நின்றன. 8000 ஹெர்ட்ஸில் இரண்டும் ஓரளவு மீண்டிருந்தன. இப்படி இடையில் பள்ளம் விழுந்த கோட்டைப் பார்த்தால், இரைச்சலைத்தான் எங்கள் துறையினர் முதலில் சந்தேகிப்போம்.

இடது காது ஏன் கூடுதலாகப் பாதிக்கப்பட்டது என்று கேட்டார். வலக்கைப் பழக்கமுள்ள டிரம்மருக்கு, ஒன்றோடொன்று மோதும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹாட் இடப்பக்கத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு, அவர்களது ஒத்திகை அறையில் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும் அந்தப் பக்கமே வைக்கப்பட்டிருந்தது. எல்லா டிரம்மர்களுக்கும் இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

தன் காதைக் கெடுத்தது மேடைதான் என்று அவர் நம்பினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடை மாதத்துக்கு இரண்டு முறைதான். ஒத்திகையோ வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று மூன்று மணி நேரம், தாழ்ந்த கூரையும் வெற்றுச் சுவர்களும் கொண்ட ஒரு வண்டிக் கொட்டகையில். டிரம்ஸை மீறிக் கேட்க வேண்டும் என்று கிட்டார்க்காரர் ஒலியைக் கூட்டுவார், அதை மீறிக் கேட்க இவர் ஓங்கி அடிப்பார், பாடுபவர் மைக்கை இன்னும் ஏற்றுவார். சிறிய ஊர்க் குழுக்களில் இதைக் கட்டுப்படுத்த ஒலிப்பொறியாளர் என்று தனியாக ஒருவர் இருப்பதில்லை. அவர் காதருகே ஒலிமானியை வைத்து அளந்தபோது சராசரி 100 டெசிபல் காட்டியது.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான் மிஞ்சும். மூன்று மணி நேர ஒத்திகையில் இவர் அதைப்போல் பன்னிரண்டு மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார். பகலில் மர அறுவைப் பட்டறையில் வேலை செய்கிறார் என்பது பிறகுதான் தெரியவந்தது; அங்கே பெறும் இரைச்சலும் இதே கணக்கில்தான் சேரும்.

பலத்த ஓசை கேட்டால் நடுச்செவியின் சிறு தசை சுருங்கி ஓரளவு காப்பளிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது சுருங்குவதற்குச் சில பத்து மில்லி விநாடிகளாவது ஆகும். ஸ்னேர் டிரம்மின் தோலையும் விளிம்பையும் ஒருசேர அடிக்கும் ரிம்ஷாட்டின் உச்சம் அதற்குள் உள்ளே போய்விடுகிறது. உட்செவியில் காதுக்குச் சுமார் 15,000 மயிர் உணர்வணுக்கள் உள்ளன, அழிந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்த இரவில் காதில் பஞ்சடைத்தாற்போல் இருப்பதையும், ரீங்காரம் கேட்பதையும் நன்றாக வாசித்ததன் அடையாளமாகவே இசைக்குழுவினர் பேசிக்கொள்கிறார்கள். காலையில் சரியாகிவிடுகிறதே என்பார்கள். 2009-இல் குஜாவா, லிபர்மேன் ஆகியோர் எலிகளில் செய்த ஆய்வு அந்த நிம்மதியைக் கெடுத்தது: கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், உணர்வணுக்களை நரம்போடு இணைக்கும் முடிச்சுகள் பல நிரந்தரமாக அழிந்திருந்தன.

பஞ்சு போன்ற மலிவான காதடைப்பான்களை அவர் முன்பே முயன்று கைவிட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவை கீழ்ச்சுரங்களைவிட மேல்சுரங்களை அதிகம் விழுங்குவதால், சிம்பல் காணாமல் போகிறது. வாசிப்பவர் தன்னையறியாமல் ஓங்கி அடித்து, மூன்றாவது பாடலிலேயே அவற்றைக் கழற்றி எறிகிறார். எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவாகக் குறைக்கும் வடிகட்டி பொருத்திய இசைக்கலைஞர் காதடைப்பான்கள் 1980-களின் இறுதியிலிருந்தே கிடைக்கின்றன. 15 டெசிபல் வடிகட்டி 100-ஐ 85 ஆக்கினால், அந்த மூன்று மணி நேரம் வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் காதை அச்செடுத்துச் செய்த அடைப்பான் செவிக்குழாயின் இரண்டாம் வளைவைத் தாண்டிப் பொருந்த வேண்டும். மேலோட்டமாகச் செருகினால் தன் உடலின் ஓசையே மண்டைக்குள் முழங்கும். குழுவின் இசையைக் கேட்கக் காதுக்குள் வைக்கும் மானிட்டர்களும் நல்லவைதான், தாளக்கணக்குக் கருவியான மெட்ரோனோமின் ‘கிளிக்’ ஒலியை மேலும் மேலும் ஏற்றாதவரை. சுவரில் கம்பளம் தொங்கவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், டிரம்ஸிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலியை அது தடுக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வடிகட்டி அடைப்பான்களை அணியத் தொடங்கிய முதல் வாரத்தில், குழு பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் இருக்கிறது என்று குறைப்பட்டார். ஒரு மாதம் கழித்து, குச்சிகள் முன்போல் உடைவதில்லை என்றார். ஆம்ப்ளிஃபையரும் இடம் மாறியிருந்தது. ரீங்காரம் போகவில்லை, இழந்த செவித்திறன் திரும்பும் என்று நானும் சொல்லவில்லை. ஆண்டுக்கொருமுறை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவில் ஒத்திகை முடித்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் வந்தால், அந்தத் தற்காலிக மந்தமும் கோட்டில் ஏறிவிடும் என்பதால், குறைந்தது 14 மணி நேரம் டிரம்ஸும் அறுவை இயந்திரமும் இல்லாமல் காதுகளுக்கு ஓய்வளித்துவிட்டு வரும்படி அவருக்குத் திங்கட்கிழமை காலையைக் குறித்துக் கொடுத்தேன்.