கல்லட்டி இறக்கத்தில் மூளை என்ன செய்கிறது?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். முதல் அல்லது இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும். சமவெளிக்காரருக்கும் இது தெரியும். ஆனாலும் வண்டி வேகமெடுத்துவிட்டால் கால் பிரேக்கைத்தான் தேடுகிறது. மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். தெரிந்த விஷயம் அந்த நேரம் பார்த்து எங்கே போகிறது?

மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதியான அமிக்டலா, ஹார்மோன்களுக்கு உத்தரவிடும் ஹைப்போதலாமஸை உசுப்புகிறது. நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. இன்னொரு அழுத்த ஹார்மோனான கார்டிசால் நிதானமாகத்தான் வரும், உச்சத்தைத் தொட 20, 30 நிமிடம் ஆகும். வளைவுகளைத் தாண்டி டீக்கடையில் நிற்கும்போதும் கை நடுங்கினால் ஆச்சரியமில்லை.

உண்மையான கூத்து நெற்றிக்குப் பின்னால் நடக்கிறது. வேகம், கியர், எதிரே வரும் பஸ் என நாலைந்தையும் ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தி எடைபோடுவது மூளையின் முன்புறணி. அட்ரினலினின் நெருங்கிய உறவான நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அளவாக இருந்தால் அங்குள்ள நரம்பணு இணைப்புகளை வலுவாக்கும். அளவு மீறினால் அதே வேதிப்பொருள் நரம்பணுக்களில் அதை வாங்கிக்கொள்ளும் வேறுவகை ஏற்பிகளைத் தூண்டி, அந்த இணைப்புகளைத் தளர்த்திவிடும். யேல் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வாளர் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது இதைத்தான். ஆக, கொஞ்சம் பதற்றம் நல்லதே. தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

முன்புறணி தளர்ந்ததும் பொறுப்பு மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையாட்டத்துக்குப் போகிறது. பழக்கங்கள் குடியிருக்கும் இடம் அது. 2009இல் உளவியல் ஆய்வாளர்கள் லார்ஸ் ஷ்வாபே, ஆலிவர் வுல்ஃப் இருவரும் அழுத்தம் தருவதற்காகச் சிலரின் கையை மட்டும் ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லி, அப்புறம் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் எந்த உணவு கிடைக்கும் என்று எல்லோரையும் பழக்கினார்கள். ஒரு உணவைத் திகட்டத் திகட்டக் கொடுத்த பிறகும், அழுத்தத்துக்கு ஆளானவர்கள் அதையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் சட்டென்று மாறிவிட்டார்கள்.

உள்ளூர் டிரைவருக்கும் பயம் வரும். ஆனால் அவருடைய பழக்கமே கியர்தான்; சமவெளிக்காரரின் பழக்கம் பிரேக். பயம் புதிதாக எதையும் சொல்லித்தருவதில்லை, ஏற்கெனவே ஊறியதை வெளியே எடுத்துவிடுகிறது. அதனால்தான் இறக்கம் தொடங்கும் முன்பே, நிதானமாக இருக்கும்போதே கியரைக் குறைத்துவிடச் சொல்கிறார்கள்.

மே மாத சீசனில் தூக்கமில்லாமல் ஏறி இறங்கும் டிரைவரின் சிக்கல் வேறு. வாரக்கணக்கில் நீளும் அழுத்தம் முன்புறணியின் வேலையையே மந்தமாக்கும். பெரிய தேர்வுக்காக ஒரு மாதம் முட்டிமோதிய மருத்துவ மாணவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள்: கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில் தடுமாறினார்கள். தேர்வு முடிந்து ஒரு மாதம் ஓய்வெடுத்ததும் சரியாகிவிட்டது.