காக்பிட் ஜம்ப்சீட்: அமெரிக்க விமானிக்கு என்ன கிடைக்கும், கேப்டன் கையில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் விமானிக்கு வீடு ஓர் ஊரிலும் பேஸ் வேறோர் ஊரிலும் இருப்பது சர்வசாதாரணம். குடும்பம் புளோரிடாவில் இருக்கும், டியூட்டி நியூவார்க்கில் தொடங்கும். அங்கே போய்ச் சேர்வது பெரும்பாலும் அவர் பாடு. டிக்கெட் வாங்கினால் சம்பளம் கரையும். காலி சீட் கிடைக்குமா என்று ஸ்டாண்ட்-பையில் காத்திருந்தால், விமானம் நிரம்பிய நாளில் ஏர்போர்ட்டிலேயே நிற்க வேண்டியதுதான். அப்போது கைகொடுப்பது ஜம்ப்சீட், அதாவது காக்பிட்டுக்குள் இரண்டு விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் மடக்கு இருக்கை. சொந்தக் கம்பெனி விமானத்தில் மட்டுமல்ல, ஒப்பந்தம் உள்ள போட்டிக் கம்பெனி விமானத்திலும் காசில்லாமல் போகலாம். ஃபெட்எக்ஸ், யுபிஎஸ் போன்ற சரக்கு விமானங்களிலும் போகலாம்.

இருக்கை சொகுசாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். போயிங் 737-இல் அதைக் காக்பிட் வாசலுக்குக் குறுக்கே விரிக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டால் வழி அடைபட்டுவிடும். முழங்கால் நடு கன்சோலைத் தொடும். சாய முடியாது, காலை நீட்டவும் இடமில்லை. நாலு மணி நேரம் அப்படிப் போய் இறங்குகிறவருக்கு முதுகு இருப்பது நன்றாகவே நினைவில் இருக்கும். ஆனாலும் நள்ளிரவில் வீடு போய்ச் சேர இதைவிட்டால் வழியில்லை என்கிறபோது யாரும் குறை சொல்வதில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ.வின் விதி 121.547-தான் காக்பிட்டுக்குள் யார் வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த விமானத்தை இயக்கும் ஊழியர்கள் வரலாம். வேலை நிமித்தமாக எஃப்.ஏ.ஏ. ஆய்வாளரும் விபத்து விசாரணை வாரியத்தின் பிரதிநிதியும் வரலாம். மற்றபடி ஒருவர் வர வேண்டுமென்றால் கேப்டன், விமானத்தை இயக்கும் கம்பெனி, எஃப்.ஏ.ஏ. ஆகிய மூன்று தரப்பும் சம்மதிக்க வேண்டும். எஃப்.ஏ.ஏ.வின் சம்மதத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக வாங்குவதில்லை. கம்பெனிக்கு முன்கூட்டியே கொடுத்த அங்கீகாரத்தில் அது அடங்கிவிடும். கம்பெனியின் சம்மதமும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அந்தந்த விமானத்தில், அந்தந்த நேரத்தில், நேரில் கேட்டு வாங்க வேண்டியது கேப்டனின் சம்மதம் மட்டும்தான்.

ஜம்ப்சீட் மரியாதை என்று விமானிகள் சொல்வதில் பாதி இந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. “கேப்டன், உங்களோடு வரலாமா?” என்று கேட்பது வெறும் பணிவு என்று வெளியாள் நினைக்கலாம். கேட்காமல் போய் உட்கார்ந்தால் மூன்று சம்மதங்களில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். கேபினில் காலி சீட் கிடைத்து, காக்பிட்டுக்குள் உட்காரவே போவதில்லை என்றாலும் முதலில் கேப்டனைப் பார்த்துக் கேட்டுவிடுவதுதான் வழக்கம்.

அதே விதியில் அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவு இருக்கிறது. பொதுவாக, கேபினில் ஒரு சீட் காலியாக இருந்தால்தான் வெளியாள் ஒருவரைக் காக்பிட்டுக்குள் விடலாம். விதிவிலக்கு பெற்றவர்களில் விமானிகள் உண்டு: அதே கம்பெனி விமானிக்கும், அனுமதி பெற்ற வேறு கம்பெனி விமானிக்கும் அந்த நிபந்தனை கிடையாது. நிரம்பி வழியும் ஞாயிறு மாலை விமானத்திலும் ஒரு விமானி ஊர் போய்ச் சேர முடிவது இந்த ஒரு வரியால்தான். மனைவிக்கோ பிள்ளைக்கோ இது பொருந்தாது. அவர்கள் ஊழியர் குடும்பச் சலுகையில் கேபினில் இடம் கிடைத்தால் வரலாம், காக்பிட்டில் முடியாது.

ஒரே ஒரு ஜம்ப்சீட்டுக்கு இரண்டு பேர் வந்தால்? எஃப்.ஏ.ஏ. ஆய்வாளர் வந்துவிட்டால் அவருக்குத்தான் முதலிடம். அவர் அடையாள அட்டையைக் காட்டினால் தடையின்றி உள்ளே விட வேண்டும் என்று 121.548 தனியாகவே சொல்கிறது. சொந்தக் கம்பெனியின் டிஸ்பாட்சருக்கும் தேவை இருக்கும். தரையிலிருந்து விமானங்களைத் திட்டமிடும் இவர், பணித் தகுதியைத் தக்கவைக்க 12 மாதத்தில் 5 மணி நேரம் காக்பிட்டில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அப்புறம் சொந்தக் கம்பெனி விமானிகள், அவர்களுக்குப் பின் மற்ற கம்பெனிக்காரர்கள். அந்தந்த வரிசைக்குள் யார் முன், யார் பின் என்பதைக் கம்பெனிகள் தங்கள் விதிப்படி முடிவு செய்துகொள்கின்றன.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு வேறு கம்பெனி விமானிகளைக் காக்பிட்டில் ஏற்றுவது அடியோடு நின்றுபோனது. சட்டைப்பையில் குத்திய அட்டையை மட்டும் நம்பி ஒருவரை உள்ளே விட யாரும் தயாராக இல்லை. சில ஆண்டுகள் கழித்து ‘காஸ்’ என்ற சரிபார்ப்பு முறை வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. போர்டிங் கேட்டில் இருக்கும் ஊழியர் விமானியின் கம்பெனியையும் ஊழியர் எண்ணையும் தட்டுவார். இவர் இன்றும் அங்கே வேலையில் இருக்கிறாரா, காக்பிட்டில் போக அனுமதி உண்டா என்ற பதில் புகைப்படத்தோடு திரையில் வரும். அதில் பெயர் வரவில்லை என்றால் எத்தனை வருட சர்வீஸ் இருந்தாலும் காக்பிட் கிடையாது.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கேட்டுக்கு நேரத்தோடு போய்விடுகிறார்கள். கேட் ஊழியர் பயணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுவதில்லை. அனுமதிச் சீட்டு கையில் வந்ததும் காக்பிட் வாசலில் நின்று, உள்ளே செக்லிஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை வாய் திறப்பதில்லை. பிறகு பெயர், கம்பெனி சொல்லி, கேட்பதற்கு முன்பே கம்பெனி அட்டை, லைசென்ஸ், மெடிக்கல் சான்றிதழ் மூன்றையும் நீட்டுவார்கள். விமானப் பணியாளர்களிடமும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது நல்ல பழக்கம். சாக்லேட் பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கிறவர்களும் உண்டு. விதி எதுவும் அதைக் கேட்கவில்லை. ஆனால் பெட்டி வைக்க இடம் தேடித்தருவது அந்தப் பணியாளர்கள்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

உட்கார்ந்தபின் ஜம்ப்சீட் விமானி பயணியாக நடந்துகொள்ள முடியாது, கூடுதல் ஊழியர் என்ற கணக்கில் வந்துவிடுகிறார். மது கூடவே கூடாது. 10,000 அடிக்குக் கீழே விமானத்தை இயக்கத் தேவையில்லாத பேச்சுக்கு 1981 முதல் தடை இருக்கிறது. ஊர்க்கதை, யூனியன் கதை எல்லாம் மேலே போன பிறகுதான். ஹெட்செட் மாட்டிக்கொண்டு, வெளியே வேறு விமானம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தவறாக ஏதாவது கண்ணில் பட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது ஜோடிக் கண்ணின் மதிப்பு 2018 அக்டோபர் 28 அன்று இந்தோனேசியாவில் தெரிந்தது. தென்பசாரிலிருந்து ஜகார்த்தா போன லயன் ஏர் 737 மேக்ஸ் தானாக மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தது. டியூட்டியில் இல்லாமல் ஜம்ப்சீட்டில் வந்த ஒரு விமானியும் சேர்ந்து சமாளிக்க உதவினார், விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. மறுநாள் அதே விமானம் வேறு விமானிகளோடு கிளம்பி, கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள்.

எதிர்ப்பக்க உதாரணங்களும் உண்டு. 1994 ஏப்ரல் 7 அன்று மெம்பிஸிலிருந்து கிளம்பிய ஃபெட்எக்ஸ் 705-இல் ஏறியவர் அதே கம்பெனியின் ஃப்ளைட் இன்ஜினியர். ஒழுங்கு விசாரணையை எதிர்நோக்கியிருந்தவர். கிட்டார் பெட்டியில் சுத்தியல்களையும், மீன் வேட்டைக்கான ஈட்டித் துப்பாக்கியையும் கொண்டுவந்து, விமானத்தை இயக்கிய மூவரையும் தாக்கினார். மூவரும் மண்டை உடைந்த நிலையிலும் போராடி விமானத்தைத் திருப்பி இறக்கினார்கள். 2023 அக்டோபர் 22 அன்று, எவரெட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஹொரைசன் ஏர் விமானத்தில், அதுவரை சாதாரணமாகப் பேசிவந்த அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானி திடீரென்று இரண்டு இன்ஜின்களின் தீயணைப்புக் கைப்பிடிகளையும் இழுக்கப் பார்த்தார். முழுதாக இழுத்திருந்தால் எரிபொருள் நின்றுபோயிருக்கும். விமானிகள் அவர் கையைப் பிடித்துத் தடுத்து, போர்ட்லாந்தில் இறக்கினார்கள்.

இருவருமே நிஜமான ஊழியர்கள். ‘காஸ்’ திரை 1994-இல் இருந்திருந்தாலும் பச்சைக்கொடிதான் காட்டியிருக்கும். ஆள் யார் என்பதைத்தான் கணினி சொல்லும், எந்த நிலையில் வந்திருக்கிறார் என்பதைச் சொல்லாது. வாசலில் நடக்கும் அந்த ஒரு நிமிட அறிமுகத்தைச் சடங்காக முடித்துவிடக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான். கேப்டன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுச் சம்மதிக்கட்டும். கண் சிவந்து, பேச்சு குழறி நிற்கிறவரை அடுத்த விமானத்தில் வரச் சொல்ல அவருக்கு முழு அதிகாரம் இருக்கிறது.

அந்த அதிகாரம் பாதுகாப்புக்கு மட்டுமே பயன்பட்டது என்று சொல்ல முடியாது. 1983-இல் தொடங்கிய கான்டினென்டல் ஏர்லைன்ஸ் விமானிகளின் வேலைநிறுத்தத்தில் வேலைக்குப் போனவர்களுக்கு மற்ற கேப்டன்கள் பல ஆண்டுகள் கழித்தும் ஜம்ப்சீட் மறுத்தார்கள். மறுக்கப்பட்டவருக்கு அந்த நேரத்தில் பரிகாரம் ஒன்றும் இல்லை, கேட்டில் நின்று சண்டை போடவும் கூடாது. விமான எண், நேரம் குறித்துக்கொண்டு தன் யூனியனின் ஜம்ப்சீட் கமிட்டியிடம் கொடுக்கலாம். அவர்கள் எதிர்க் கம்பெனியின் கமிட்டியோடு பேசித் தீர்ப்பார்கள். கேட்டில் கிளம்பும் சண்டை இரு கம்பெனிகளும் மாறி மாறி மறுப்பதில் போய் முடிந்தால், நஷ்டம் எல்லா விமானிகளுக்கும்தான்.

கேப்டன் சரி என்று சொல்லிவிட்டாலே போதுமா என்றால், அதுவும் போதாது. இதற்கு உதாரணம் இந்தியாவிலேயே இருக்கிறது. 2023 பிப்ரவரி 27 அன்று துபாயிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், பயணியாக வந்த அதே கம்பெனி ஊழியர் ஒருவரைக் கேப்டன் காக்பிட்டுக்குள் அனுமதித்தார். இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. அந்தக் கேப்டனின் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைத்தது, கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. தடுத்துச் சொல்லாமல் இருந்ததற்காகத் துணை விமானிக்கும் எச்சரிக்கை போனது.