பவர் பத்திரமும் 1787ம்: அந்தக் கடைசி வரியைப் படிங்க

வக்கீலா இத்தனை வருஷம் பவர் பத்திரம் எழுதி எனக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு, யார் எந்தப் பத்திரத்தைக் கொண்டு வந்தாலும் முதல்ல கடைசி பாராவத்தான் பாப்பேன், ஏன்னா "மேற்படி காரியங்களுக்குத் தேவையான மற்ற எல்லாம் செய்ய"ன்னு ஒரு வரி அங்கதான் உக்காந்திருக்கும். கேட்டா "அது சும்மா ஃபார்மாலிட்டி சார்"னு சொல்வாங்க. அந்த வரியை நம்பி கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவங்க என் முன்னாடி உக்காந்து அழுதிருக்காங்க.

அமெரிக்க அரசியல் சாசனத்தை எதிர்த்தவங்களைப் பத்திப் படிச்சப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. 1787 செப்டம்பர் 17 அன்னிக்கு ஃபிலடெல்ஃபியால 39 பேர் கையெழுத்துப் போட்டாங்க, அதே ரூம்ல இருந்த மூணு பேர் போட மாட்டோம்னுட்டாங்க: ஜார்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டால்ஃப், எல்பிரிட்ஜ் ஜெர்ரி. இதுல மேசன் 1776ல வர்ஜீனியாவோட உரிமைப் பிரகடனத்தை டிராஃப்ட் பண்ணின ஆளு. இந்தச் சாசனத்துலயும் மக்கள் உரிமையை எழுதி வைங்கன்னு கடைசி வாரத்துல கேட்டுப் பாத்தார், ஒரு மாநிலம்கூட ஆதரிச்சு ஓட்டுப் போடல.

எதிர்த்தவங்க எல்லாரும் நாடே வேணாம்னு சொன்னவங்க இல்லைங்க. அதுக்கு முன்னாடி இருந்த கூட்டமைப்பு ஒப்பந்தத்துல மத்திய காங்கிரசால, அதாவது அவங்க நாடாளுமன்றத்தால, வரி போட முடியாது, மாநிலங்கள்கிட்ட கேட்டு வாங்கணும், அது ஓடலன்னு அவங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். அவங்க பயந்தது முதல் பிரிவோட 8வது செக்‌ஷனைப் பாத்துதான், வரி போடலாம், படை வைக்கலாம்னு வரிசையா சொல்லிட்டு கடைசில இதையெல்லாம் நடத்த "தேவையான, பொருத்தமான" எல்லா சட்டமும் போடலாம்னு ஒரு வரி. எது தேவைன்னு யார் முடிவு பண்றது? அதே காங்கிரஸ்தான். மாநில சட்டம் அது போடற சட்டத்தோட மோதினா மாநில சட்டம் செல்லாது. சிவில் வழக்குல ஜூரி, அதாவது பொதுமக்கள்ல இருந்து எடுக்கற நடுவர் குழு, உண்டுன்னும் எங்கயும் எழுதல.

"கொடுக்காத அதிகாரம் அரசுகிட்ட இல்லவே இல்ல, அப்புறம் உரிமைப் பட்டியல் எதுக்கு"ன்னு ஆதரவாளர்கள் கேட்டாங்க. அதுக்கு ப்ரூட்டஸ்ங்கற புனைப்பேர்ல எழுதினவர் சொன்ன பதில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: அப்படின்னா அடுத்த 9வது செக்‌ஷன்ல பட்டம் கொடுக்கக் கூடாது, முன்தேதியிட்டு தண்டிக்கக் கூடாதுன்னெல்லாம் ஏன் தடை போட்டீங்க, அந்த அதிகாரத்தையும்தான் யாரும் கொடுக்கலையே? எதிர்த்தரப்போட பத்திரத்தை வச்சே மடக்கறது, கோர்ட்ல இதைவிட நல்ல வாதம் கிடையாது.

சாசனத்தை ஏத்துக்கலாமான்னு மாநிலங்கள்ல நடந்த ஓட்டு எவ்வளவு நெருக்கம்னு பாருங்க, மாசசூசெட்ஸ் 187-168, வர்ஜீனியா 89-79, நியூயார்க் 30-27. அந்த நெருக்கடியாலதான் திருத்தம் பண்றோம்னு வாக்குக் கொடுக்க வேண்டி வந்து 1791ல பத்து திருத்தம் சேந்துச்சு, பேச்சுரிமை, சிவில் ஜூரி எல்லாம் இவங்க விடாம கேட்டதால வந்ததுதான்.

பத்தாவது திருத்தம் மட்டும் என் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோதான்னு அது சொல்லுது. பழைய கூட்டமைப்பு ஒப்பந்தத்துல "வெளிப்படையாகக் கொடுக்காத"ன்னு இருந்துச்சு, அந்த "வெளிப்படையாக"வை இதுலயும் போடுங்கன்னு 1789ல காங்கிரஸ் உறுப்பினர் தாமஸ் டக்கர் கேட்டார், திருத்தங்களைக் கொண்டு வந்த ஜேம்ஸ் மேடிசன் ஒத்துக்கல, தோத்துப் போச்சு. 1819ல மெக்கல்லக் வழக்குல, அதிகாரப் பட்டியல்ல பேர் சொல்லாத மத்திய பேங்க்கும் செல்லும்னு தீர்ப்பு எழுதறப்ப தலைமை நீதிபதி மார்ஷல், அந்த ஒரு வார்த்தை இல்லாததையும் ஒரு காரணமா எடுத்துக் காட்டினார்.